மூட்டத்துக்கு ஒரு கண்ணாடி

சுவிசில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடிதம் நன்றாகப் பரிச்சயம். மாரி தொடங்கியதும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும். ‘ஸ்கீலாகர்’ என்று தலைப்பு. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஆசிரியர்களோடு ஒரு கிழமை மலையில் தங்கிப் பனிச்சறுக்கப் போகிறார்கள். கொண்டுவர வேண்டிய சாமான்கள் கீழே. தடித்த காலுறை, நீர் புகாத கையுறை, வெயில் களிம்பு, ஸ்கீக் கண்ணாடி. ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கலாம் என்று பக்கத்தில் குறித்திருப்பார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

என் மூத்தவளுக்கு அந்தக் கடிதம் வந்தது 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில். நான் அப்போது பேர்ண் நகரில் ஓர் உணவகத்தின் அடுக்களையில் வேலை. எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் ஸ்கீ ஓடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள்; பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொன்று, மாதக் கடைசியில் ஊருக்குக் காசு. மலை என்பது ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கும் இடம். இந்த நாட்டுக்காரருக்கு அது பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் வகுப்பறைகளைச் சூடாக்க முடியாமல் மாரியில் பள்ளிகளை மூடினார்கள். அந்த விடுமுறைதான் விளையாட்டு விடுமுறையாக இன்றைக்கும் நிற்கிறது. கட்டாய முகாம் ஒன்றுக்குப் பெற்றோரிடம் நாளுக்கு 16 பிராங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூத்தவள் போன காலத்தில் அப்படியொரு வரம்பு இருக்கவில்லை. சாமான் தேடி அலையும் வேலை அப்போதும் இப்போதும் பெற்றோருக்குத்தான்.

எங்கள் அடுக்களைத் தலைமைச் சமையற்காரர் வயதான சுவிஸ்காரர். விசயத்தைக் கேட்டதும் அடுத்த நாளே தன் மகளின் பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார். ஒற்றை லென்ஸ். முகத்தில் படுகிற நுரைப்பஞ்சு காய்ந்து, தொட்டால் கையில் மாவாய் ஒட்டியது. மகள் அதைக் கம்பளித் தொப்பிக்கு மேல் மாட்டிக்கொண்டு போனாள். தலைக்கவசம் போடுகிறவர்கள் அந்த நாளில் குறைவு; இப்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போடுகிறார்கள். முகாம் முடிந்து வந்தவள் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நல்ல ஞாபகம்.

“அப்பா, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண்ணாடிக்குள்ளை மழை.”

கண்ணாடிக்குள் மழை என்றால் என்ன என்பதை அடுக்களைக்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். மாரிக் காலையில் தெருவிலிருந்து உள்ளே வந்தால் கொதிக்கிற பானைகளின் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் ஏறி, ஒரு நிமிடத்துக்கு அடுக்களையே வெள்ளை. ஸ்கீக் கண்ணாடிக்குள்ளும் அதேதான் நடக்கிறது. ஓடுகிறவரின் முகம் சூடாகி வியர்க்கும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை. ஈரக்காற்று போய்ப் படுகிற இடம் அந்தக் குளிர்ந்த லென்ஸ்.

இதற்கு வழி கண்டவர் ஒரு பல் மருத்துவர். பற்களை வரிசைப்படுத்துவதில் தேர்ந்த பொப் சிமித் என்பவர், அமெரிக்கர், ஆழமான புதுப்பனியில் ஓடுவதில் பைத்தியம். கண்ணாடியில் ஆவி பிடித்து ஓட்டம் கெடுவதைப் பொறுக்க முடியாமல் வீட்டில் இருந்தே பசையும் பஞ்சுமாக முயன்று, 1965இல் இரட்டை லென்ஸ் கண்ணாடியைச் செய்தார். இரண்டு லென்ஸ், நடுவில் அடைபட்ட காற்று, ஓரத்தில் காற்றுப் போய்வரும் நுரைப்பஞ்சு. குளிர்நாட்டு வீடுகளின் இரட்டை யன்னலும் இதே தத்துவம்தான். உள் லென்ஸ் முகத்தின் சூட்டுக்குக் கிட்டவே இருக்கும், வெளி லென்ஸ் குளிரை வாங்கிக்கொள்ளும். இன்றைக்குக் கடையில் கொஞ்சம் தரமாக எதை எடுத்தாலும் இரட்டைதான். மிக மலிந்த பிள்ளைகள் கண்ணாடிகளில் மட்டும் ஒற்றை லென்ஸ் இன்னும் உண்டு. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் ஸ்கீ காலில் மாட்டியது வெகுநாள் கழித்து, மூத்தவள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு. அவளுடைய பிடிவாதம். “இந்த முறை நீங்களும் வாறீங்கள், இல்லாட்டி நானும் போகேல்லை” என்றாள். பிள்ளைகளோடு பிள்ளையாகக் கீழ்ச்சரிவில் விழுந்து எழும்பி, ஆப்பு வடிவில் ஸ்கீயை வைத்து நிற்பாட்டப் பழகினேன். பிறகு ஒரு தை மாதத்தில் கிறிண்டெல்வால்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மருமகன் முறையான ஒரு பெடியன் தன் கண்ணாடியை இரவல் தந்திருந்தான். நீலத்தில் மின்னுகிற முகம்பார்க்கும் லென்ஸ். “மாமா, முந்நூறு பிராங்க். வலு திறமான சாமான்” என்றான். திறமான சாமான்தான், ஆனால் என் மூக்குக்கண்ணாடிக்கு மேல் போட்டால் இரண்டு பக்கமும் பொட்டில் அழுத்தியது.

அங்கே மென்லிகன் உச்சிப் பக்கம் 2,200 மீற்றருக்கு மேல். எதிரே ஐகர், மென்க், யுங்பிராவ் மூன்றும் வரிசையாக நிற்கும். காலமை நல்ல வெயில். அந்த நீல லென்ஸ் பனியின் பளபளப்பையெல்லாம் குடித்துவிட்டு, தேன் நிறத்தில் ஒரு மலையைக் காட்டியது. முந்நூறு பிராங்க் நியாயம்தான் என்று நானே சொன்னேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறோம், மலைகளைக் காணவில்லை. மேகம் இறங்கிவிட்டது.

பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். மனிதர்கள் தெரிந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஐம்பது மீற்றர் தள்ளி இறங்குவதும் தெரிந்தது. நிலம்தான் தெரியவில்லை. பனியின் மேடுபள்ளத்தை நம் கண் அறிவது நிழலால். வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் உண்டு. மேகம் வெளிச்சத்தைச் சிதறடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாய் அனுப்பினால் நிழல் செத்துவிடும். கீழே காட்டுப் பகுதியாக இருந்தால் மரங்களின் கருமை ஓர் அளவைத் தரும். அந்த உயரத்தில் மரமும் இல்லை. வானமும் பனியும் ஒரே வெள்ளை, அதில் என் கண்ணுக்கு முன்னால் வெயிலுக்கென்று செய்த ஓர் இருட்டு லென்ஸ்.

நின்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மகள் எங்கே என்று திரும்பிப் பார்க்க முயன்றபோது, பாதையின் ஓரக் கம்பு ஒன்று என்னைக் கடந்து மேலே போனது. கம்பு நடக்காது, ஆக, நான்தான் இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கிறேன். காலுக்குக் கீழே சரிவு எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. கண் சொல்லாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் குழம்பிப்போகும், வயிறு ஒருமுறை புரட்டியது. அடுத்த கணம், ஓட்டமே இல்லாத ஓர் இடத்தில், நின்ற நிலையில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். காற்றில் பனித்துருவல் ஊசி ஊசியாய் வந்து கண்ணில் இறங்கிக் கண்ணீர் வந்தது. மகள் முதுகுப் பையிலிருந்து தன் பழைய சோடியை எடுத்தாள். பெரிய சட்டகம், மங்கிய இளஞ்சிவப்பு லென்ஸ். அதை மாட்டியதும் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, மேகம் மேகமாகவே இருந்தது. ஆனால் ஸ்கீ நுனிக்கு முன்னால் நாலைந்து மீற்றர் தூரத்துக்கு மேடுகளின் ஓரங்களில் மெல்லிய சாம்பல் கோடுகள் தெரிந்தன. பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. அந்த நாலைந்து மீற்றரை வைத்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தேன்.

அன்று மாலை றெயிலில் இரண்டு கண்ணாடிகளையும் மடியில் வைத்துச் சட்டகத்தின் உட்பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒன்றில் எஸ்3, மற்றதில் எஸ்1. ஐரோப்பாவில் விற்கிற ஸ்கீக் கண்ணாடிகளில் இந்த இலக்கம் இருக்கும். எஸ்0இலிருந்து எஸ்4 வரை ஐந்து வகை. எஸ்0 கிட்டத்தட்ட நிறமற்றது, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிறவர்களுக்கு. எஸ்1 வெளிச்சத்தில் 43 முதல் 80 சதவீதத்தை உள்ளே விடும். எஸ்2 18 முதல் 43. எஸ்3 8 முதல் 18. எஸ்4 3 முதல் 8, பனியாற்று உயரங்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டக் கூடாது. மருமகனின் முந்நூறு பிராங்க், மூட்ட நாளில் இருந்த கொஞ்ச வெளிச்சத்திலும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் எனக்குத் தராமல் வைத்திருந்தது. நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. மூட்டத்தில் சிதறிவரும் நீல ஒளி காட்சியைக் கலங்கவைக்கும்; மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு லென்ஸ்கள் அந்த நீலத்தைப் பிடித்து நிறுத்துவதால் மிச்சமிருக்கிற சின்ன வித்தியாசங்களைக் கண்ணுக்குத் தூக்கிக் காட்டும். நிழலே இல்லாத இடத்தில் நிழலை உண்டாக்க எந்த லென்சாலும் முடியாது. இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை பேர்ணில் ஒரு விளையாட்டுக் கடைக்குப் போனேன். விற்பனைப் பெண்மணிக்கு என் வயதிருக்கும், முகம் மலைவெயிலில் கறுத்தது. கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி வடிவில் வெளிர். அவருடைய முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. “எந்த நாட்களில் ஓடுவீர்கள்?”

“உணவகம் பூட்டுகிற திங்கள்களில்” என்றேன். “காலநிலையைப் பார்த்து நாள் தெரிவுசெய்ய எனக்கு வசதியில்லை.”

“அப்படியென்றால் வெயிலை மறந்துவிடுங்கள்” என்றார். “வெயிலில் யாருக்கும் எல்லாம் தெரியும்.”

பிறகு தலைக்கவசத்தைக் கேட்டார். கையோடு கொண்டு போயிருந்தேன். அதைப் போடச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடியை எடுத்து, பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மெல்ல அழுத்திக் கையை எடுத்தார். ஒரு கணம் நின்று விழுந்தது. “பட்டி இல்லாமலே கொஞ்சம் ஒட்டி நிற்க வேண்டும். பட்டியை இறுக்கித்தான் நிற்கும் என்றால் அது உங்கள் முகத்துக்கானது இல்லை.” அடுத்தது. “குனியாமல், கண்ணை மட்டும் இறக்கி நிலத்தைப் பாருங்கள். மூக்குக்குப் பக்கத்தில் வெளிச்சம் வருகிறதா?” வந்தது. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டையால் குளிர்காற்று நேரே கண்ணுக்குள் போகும், வெளிவிடும் மூச்சும் அதனால்தான் உள்ளே ஏறும் என்றார். உள்ளறைக்குப் போய், மூக்குப் பக்கம் பஞ்சு தடித்த இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஆசிய முகங்களுக்கானது என்று பெட்டியில் எழுதியிருந்தது. எங்கள் மூக்குக்கு என்ன குறை என்று எனக்குள் ஒரு முறுகல் எழும்பியது. போட்டுப் பார்த்தேன், ஓட்டை அடைபட்டது. முறுகலை விழுங்கிக்கொண்டேன்.

தலைக்கவசமும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் வீண் என்பதை அவர்தான் காட்டினார். கவசத்தின் விளிம்பு கண்ணாடியைக் கீழே தள்ளினால் சட்டகம் மூக்குத் துவாரத்தில் இருக்கும். நாள் முழுக்க வாயால் மூச்சு. மேலே இடைவெளி விட்டால் நெற்றியில் ஒரு விரற்கடைக்குக் காற்று அறையும், லிப்டில் உட்கார்ந்திருக்கும்போது நெற்றிப்பொட்டு விறைக்கும். சட்டகத்தின் மேலோரமும் கவசத்தின் கீழோரமும் தொட்டும் தள்ளாமலும் இருக்க வேண்டும். மேலோரத்துக் காற்றுத் துளைகளைக் கவசம் மூடவும் கூடாது. இதைப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூக்குக்கண்ணாடிக்காரருக்குத் தனியாக ஒரு வகை இருக்கிறது. பஞ்சில் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கால் போக வெட்டு, உள்ளே கூடுதல் ஆழம். தலையை இரண்டு பக்கமும் உலுக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடி உள் லென்சில் தட்டினால் வேண்டாம், இரண்டும் கீறுபடும், விழுந்தால் முகத்திலும் குத்தும். கடைசியாக நேரே பார்த்தபடி கைகளைப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னார். விரல்நுனி எங்கே கண்ணில் படுகிறது என்று பார்க்கத்தான். இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் பக்கத்திலிருந்து வருகிறவரைக் காட்டுவது அந்த ஓரப் பார்வை.

“இனி இதைப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி நடவுங்கள். கால் மணி நேரம்” என்றார். தலைக்கவசமும் ஸ்கீக் கண்ணாடியுமாக நான் நீச்சல் உடுப்புகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே உலாவினேன். ஒரு சின்னப் பிள்ளை தாயின் கையைப் பிடித்து இழுத்து என்னைக் காட்டியது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இடது கன்னத்து எலும்பில் ஓர் அழுத்தம் தெரிந்தது. முகம்பார்க்கும் கண்ணாடியின் முன்னே ஒரு நிமிடம் மட்டும் நின்றிருந்தால் தெரிந்திருக்காது. இன்னொன்றை மாற்றி எடுத்தேன். இளஞ்சிவப்பில் ஓர் எஸ்1 லென்சும், பையில் வைத்துக்கொள்ள ஓர் எஸ்3 லென்சுமாக, மருமகனுடையதில் பாதி விலை.

லென்சை உள்ளே துடைக்காதீர்கள் என்று வாசல் வரை வந்து சொன்னார். ஆவி பிடிக்காமலிருக்கப் பூசிய பூச்சு ஈரமாக இருக்கும்போது மெத்தென்றிருக்கும், துணி பட்டால் உரிந்துவிடும். உதறிவிட்டு, மென்துணியால் ஒற்றி, அறைச் சூட்டில் காயவிட வேண்டும்; வெப்பமூட்டியின் மேல் வைக்கக் கூடாது. நெற்றியில் ஏற்றி வைத்தாலும் தலைச்சூட்டில் ஆவி ஏறும். சமையற்காரனின் கை ஈரத்தைக் கண்டால் துடைக்கத்தான் போகும். என் கையை நான் கட்டிப்போட நாளானது.

கறுப்பு லென்ஸ்தான் கண்ணைக் காக்கும் என்று எங்கள் ஆட்களிடையே ஓர் எண்ணம் உண்டு. நிறத்துக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கண்ணாடிகளைச் செய்கிற பொலிகாபனேட் பிளாஸ்டிக்கே அந்தக் கதிரை மறித்துவிடும், வெளிர் லென்சானாலும். ஆபத்து ஒன்றும் போடாமல் நிற்பதில்தான். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். காய்ந்த கடற்கரை மணல் அனுப்புவது ஏறத்தாழ 15. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏற்றத்துக்கும் கதிர் 10 சதவீதம் அளவில் கூடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமி ஒருவரை 3,454 மீற்றர் உயர யுங்பிராவ்யோக்குக்குக் கூட்டிப் போனோம். “நல்லூர் வெயில் குடிச்சு வளந்தனான், இதென்ன வெயில்” என்று படத்துக்காகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பனித்திடலில் வெகுநேரம் நின்றார். அன்றிரவு இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டதுபோல் எரிகிறது என்று எழும்பிவிட்டார். கருவிழி வெயிலில் வெந்தது, நல்லவேளை ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றார் மருத்துவர். ஆறியது. வட துருவப் பக்கத்து இனுயிட் மக்கள் இதற்கு மரத்திலும் எலும்பிலும் வால்ரஸ் தந்தத்திலும் கண்மூடி செதுக்கி, ஒரு கீறல் மட்டும் விட்டுப் போட்டார்கள். கண்ணாடியே இல்லை, அதனால் ஆவி பிடிக்கிற பேச்சும் இல்லை.

இப்போது சாமான்கள் பெருகிவிட்டன. வெளிச்சத்துக்கேற்பத் தானே கறுக்கிற லென்ஸ் வசதியானது, ஆனால் குளிரில் அது நன்றாகக் கறுத்துவிட்டுத் திரும்ப வெளிற நேரமெடுக்கும். வெயிலிலிருந்து மேகத்துக்குள் சட்டென்று இறங்குகிற சரிவில் அந்த நேரம் நமக்குக் கிடைக்காது. காந்தத்தில் ஒட்டுகிற மாற்று லென்ஸ் உண்மையிலேயே நல்லது, கையுறையைக் கழற்றாமல் மாற்றலாம். ஒளியை வடிகட்டிக் கூச்சத்தைக் கொல்லும் துருவ லென்ஸ் ஏரிக்கரைக்கு அருமை. பனியில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஐஸ் படிந்த இடம் மின்னுவதைப் பார்த்துத்தான் நான் விலகுகிறேன். அந்த மின்னலையே அது எடுத்துவிடுகிறது. மினுங்குகிற வெளிப்பூச்சு பெரும்பாலும் படத்துக்கு.

இளையவனுக்கு ஸ்கீலாகர் வந்தபோது இதையெல்லாம் கைக்கொண்டேன். அவன் வகுப்பில் எல்லாரிடமும் நீலத்தில் மின்னுகிறது, தனக்கு மட்டும் பாட்டிக் கலர் என்று இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் முகம் தூக்கி இருந்தான். கொடுத்தது பாட்டிக் கலர்தான்.

கடைக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. தலைக்கவசத்தைக் கொண்டு போங்கள், மூக்குக்கண்ணாடி போடுகிற பிள்ளையானால் அதைப் போட்டபடி கூட்டிப் போங்கள், இணையத்தில் படம் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு லென்ஸ் வாங்கக் காசில்லை, ஒன்றுதான் என்றால், எஸ்1 அல்லது எஸ்2, இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள். நல்ல வெயிலில் கொஞ்சம் கண் கூசும். கூசினாலும் பாதை தெரியும்.